நீவெஸின் குவளையில் இருந்தது

நீவெஸ் இருபத்திமூன்று வருடம் எங்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து குடித்தாள். அவள் வாய்க்குள் ஒரு சொட்டு மதுகூடப் போனதில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மேஜை என்றால் நான்கு பேர். நீவெஸும் சாந்தேயும் பஸ் ஓட்டுநர்கள். ஒரெஸ்தே டிக்கெட் பரிசோதகர். நான் துல்லியோ, பணிமனையில் மெக்கானிக். இத்தாலியின் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரான கியோஜாவில் பகல் ஷிப்ட் ஆறேகாலுக்கு முடியும். கையில் இருக்கும் கிரீஸைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, பணிமனைக்கு எதிரே இருந்த ஜில்டோவின் கடைக்குப் போவோம். ஜன்னலோர மேஜை எங்களுடையது. கேட்காமலே நாலு ஸ்பிரிட்ஸ் வரும். கசப்பு மது, வெள்ளை ஒயின், சோடா, ஐஸ், ஒரு துண்டு ஆரஞ்சு, குச்சியில் குத்திய ஆலிவ் காய். பக்கத்தில் வெங்காயமும் வினிகரும் போட்டு ஊறவைத்த மத்தி மீன் ஒரு தட்டு. நாலு குவளையும் ஒரே செம்மஞ்சள் நிறத்தில்தான் இருக்கும்.

நீவெஸ் இரண்டு குடிப்பாள், சில நாள் மூன்று. பிறகு எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு எங்களை வீடுவீடாக இறக்கிவிடுவாள். "தக்கை வீட்டு வயிறு, எவ்வளவு ஊத்தினாலும் மிதக்கும்" என்று ஒரெஸ்தே பெருமையாகச் சொல்வான். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இரண்டே குடும்பப் பெயர்கள்தான். அதனால் பட்டப்பெயர் இல்லாமல் யாரையும் அடையாளம் சொல்ல முடியாது. அரசாங்கக் காகிதத்தில்கூட அது ஏறிவிடும். நீவெஸ் குடும்பத்துக்கு 'தக்கை' என்று பெயர். அவளுடைய பாட்டனார் காலத்தில் மீன் வலைக்குத் தக்கை மிதவை செய்தார்களாம். ஆனால் தக்கை என்றவுடன் எவனுக்கும் வலை ஞாபகம் வராது, புட்டிதான் ஞாபகம் வரும்.

அவள் நிறுத்தியதற்குக் காரணமான அந்த ஆகஸ்டு மாத ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவளே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து. கணவன் ஜெர்மனியில் ஐஸ்கிரீம் கடை வைக்கப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகள் நோயேமிக்கு ஐந்து வயது. வாரம் முழுக்க பஸ், ஞாயிற்றுக்கிழமை கடற்கரை. அன்று கடற்கரைக் கடையில் மூன்று ஸ்பிரிட்ஸ் குடித்துவிட்டுக் குடைக்குக் கீழே படுத்தவள் தூங்கிப்போனாள். விழித்தபோது குழந்தை இல்லை. வாளி இருந்தது, செருப்பு இருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து, வடக்குக் கோடியில் அலைதடுப்புக் கற்களுக்குப் பக்கத்தில், மிதிபடகு வாடகைக்கு விடுகிறவனிடம் குழந்தை கிடைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. கூடியிருந்தவர்கள் நீவெஸின் தோளைத் தட்டி, "குழந்தைங்கன்னா இப்படித்தாம்மா, கண்ணிமைக்கிற நேரத்துல ஓடிரும், நீ என்ன பண்ணுவ" என்று ஆறுதல் சொன்னார்கள். ஒருத்திகூடத் திட்டவில்லை. அந்த ஆறுதலைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்று நீவெஸ் சொன்னாள்.

மறுநாள் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஜில்டோவிடம் போனாள்.

"ஜில்டோ, எனக்கு ஒண்ணு வேணும். பார்த்தா ஸ்பிரிட்ஸ் மாதிரி இருக்கணும். வாயில வெச்சாலும் அப்படியே இருக்கணும். ஆனா உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது."

"உடம்புக்கு முடியலையா?"

"இல்ல."

"முழுகாம இருக்கியா?"

"ஜில்டோ!"

"சரி, கேக்கல. சின்னச் சிவப்புப் புட்டியில ஒண்ணு விக்கிறான், சாராயம் இல்லாதது. அதைத் தரட்டா?"

"அந்தப் புட்டியை ஒரெஸ்தே பார்த்தான்னா ஊரைக் கூட்டிருவான்."

ஜில்டோ கொஞ்ச நேரம் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. "புதன்கிழமை வா" என்றான்.

புதன்கிழமையிலிருந்து அவள் குவளைக்கு மட்டும், கவுண்டருக்கு அடியில் 'வினிகர்' என்று எழுதி ஒட்டிய புட்டியிலிருந்து ஊற்றினான். அதற்குப் பிறகு காரணம் கேட்டதே இல்லை. மற்ற மூன்று பேருக்கு என்ன விலையோ அதே விலையை அவளிடமும் வாங்கினான். குறைத்து வாங்கினால் நாங்கள் கவனிப்போம் அல்லவா?

போன வருடம் அக்டோபரில் ஜில்டோவுக்கு முழங்கால் முற்றிலும் கெட்டது. கடையை விற்றுவிட்டு, வடக்கே மலைப் பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். வாங்கியவன் தாமியானோ என்று ஓர் இளைஞன். நல்லவன்தான், உற்சாகம் கொஞ்சம் கூடுதல். நீவெஸ் ஒருநாள் தனியாகப் போய் மெல்லிய குரலில் கேட்டிருக்கிறாள். அவன் கடை முழுக்கக் கேட்கும்படி, "சாராயம் இல்லாததா சிஞ்ஞோரா? நம்மகிட்ட நாலு வகை இருக்கு! பட்டியல் தரவா?" என்றிருக்கிறான். கடைசி மேஜையில் எங்கள் டிப்போ மேலாளர் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கில்லப்பா, என் மகளுக்குக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம், எங்களோடு உட்கார்ந்து, உண்மையான ஸ்பிரிட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, உதட்டில் படாமல் சாய்த்து, நாங்கள் பார்க்காத நேரத்தில் ஜன்னலோரத் தொட்டியில் ஊற்றினாள். அதில் ஓர் அரளிச் செடி இருந்தது. "இந்தச் செடிக்கு என்னடா கேடு, நம்மளோட சேந்து அதுவும் தள்ளாடுது" என்று ஒரெஸ்தே ஒருநாள் கேட்டான். எல்லோரும் சிரித்தோம். நீவெஸும் சிரித்தாள். மறுநாளிலிருந்து வரவில்லை. முதுகு வலி என்றாள். இரண்டு வாரம் கழித்து, வியாழக்கிழமை தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். "அந்தப் பையன் கடையில பாட்டு காதைப் பிளக்குது. என் சமையலறைக்கு வாங்க. நான் கலக்கித் தரேன்."

அந்த இரண்டு வாரமும் அவள் வீட்டில் அதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் எலுமிச்சையும் ஆரஞ்சும் பிழிந்து சோடா ஊற்றினாள். அது காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற பழரசம் மாதிரி இருந்தது. கசப்பு வேண்டும். எங்கள் ஊரில் கசப்புக்குப் பஞ்சமா? வயலெல்லாம் சிவப்புச் சிக்கரிக் கீரைதான். ஒரு கட்டு வாங்கி வேகவைத்து வடிகட்டினாள். நிறம் துணி அலசிய தண்ணீர் போல, ருசி கீரை வேகவைத்த தண்ணீர் போல. அது தண்ணீர்தானே, வேறெப்படி இருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு தொட்டியில் கொட்டினாளாம். கடைசியில் ஜில்டோவுக்குப் போன் போட்டாள்.

"கசப்பு நாரத்தைத் தோல் ரெண்டு. பம்பளிமாஸ் ஒண்ணு. எலுமிச்சை ஒண்ணு" என்றான் ஜில்டோ. "உள்வெள்ளையை முழுசாச் செதுக்கித் தள்ளிராத. கசப்பு அங்கதான் குடியிருக்கு."

"சக்கரை எத்தனை கிராம்?"

"கிராமா? என் கைப்பிடிக்கு ரெண்டு."

"உன் கை எவ்வளவு பெரிசு?"

"இருபத்திமூணு வருஷமா அந்தக் கையால வாங்கிக் குடிச்சிருக்க, தெரியாதா? சக்கரையும் தண்ணியும் தோலும் கொதிச்சு, தண்ணி கொஞ்சம் பிசுபிசுன்னு வந்ததும் இறக்கு. இறக்கின பெறகு மலை வேர் போடு. ஜென்ஷியன் வேர்னு நாட்டு மருந்துக் கடையில கேளு. சுண்டுவிரல் நகம் அளவு, அதுக்கு மேல போட்டா நாக்கு செத்துரும். நிறத்துக்குக் காஞ்ச புளிச்சக்கீரைப் பூ நாலு."

"வேர் எவ்வளவு நேரம் கிடக்கணும்?"

"ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்."

"நான் சிகரெட் பிடிக்கிறதில்ல."

"அப்ப நீ ஓட்டற பஸ் பாலத்துலேருந்து கடற்கரைக்குப் போற நேரம்."

"ஆகஸ்டுலயா, ஜனவரியிலயா?"

"ஜனவரி, ஜனவரி. ஆகஸ்டு நெரிசல் அளவுக்குப் போட்டா மனுஷன் குடிக்க முடியாது." ஜில்டோ சிரித்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டான்: "அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"நான் இங்க மலைமேல வந்து உக்காந்துட்டேன், நீவெஸ். இனிமே கவுண்டருக்கு அடியில ஒளிச்சு வெக்க யாரும் இல்ல."

அவள் அவனுடைய முழங்காலைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனை வைத்தாள்.

நாலாவது முறைதான் சரியாக வந்தது. தோலைச் சீவும்போதே தெரிந்துவிட்டதாம், விரல் நுனியில் தெறித்த எண்ணெய் வாசனையிலேயே. பாகை வடிகட்டி, ஆறவைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, குவளையில் இரண்டு விரல் உயரம் ஊற்றி, ஐஸ் நிரப்பி, மேலே சோடா. ஜில்டோ கடையில் குடித்ததற்கும் இதற்கும் ஒரு சின்ன வித்தியாசம் இருந்தது. இது அவளுக்கு அதைவிடப் பிடித்திருந்தது.

முதல் இரண்டு வியாழக்கிழமையும் அவள் மேஜையில் இரண்டு ஜாடி இருந்தன. கலந்த ஒயின் ஜாடி எங்களுக்கு, மற்றது அவளுக்கு. எங்களில் யாராவது தவறான ஜாடியைத் தொட்டுவிடுவோமோ என்று அவள் ஊற்றுவதும் எழுவதும் உட்காருவதுமாகவே இருந்தாள். பொரித்த இறாலை ஒரு வாய்கூட நிம்மதியாகச் சாப்பிடவில்லை. விருந்து வைப்பவளின் பரபரப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அந்தச் சனிக்கிழமை நோயேமி பாதுவாவிலிருந்து வந்தாள். அங்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், இப்போது அவளுக்கு இருபத்தெட்டு. சமையலறைத் தொட்டி நிறையத் தோலைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பழக்கடை வைக்கப்போறியா?" என்று கேட்டாள். நீவெஸ் மகளிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று குவளை, தூக்கம், வாளி, செருப்பு. இத்தனை வருடத்தில் முதல் முறையாக.

நோயேமி தொட்டியிலிருந்து ஒரு தோலை எடுத்து முகர்ந்தாள். "மிதிபடகுக்காரர் ஒருத்தர் ஞாபகம் இருக்கும்மா. ஒரு ஊதல் குடுத்தார். அவர்கிட்ட ஒரு நாய் இருந்துச்சு, மஞ்சளா. நான் ஊதினா அது ஓடி வரும். அந்த நாளா அது? எனக்கு அது ரொம்ப நல்ல நாளும்மா."

நீவெஸ் இதைப் பின்னால் எங்களிடம் சொன்னபோது, "மனசு லேசாச்சா?" என்று நான் கேட்டேன்.

"அவளுக்கு நல்ல நாளா இருந்துச்சு, சந்தோஷம்" என்றாள். "எனக்கு அது அப்படியேதான் இருக்கு, துல்லியோ. அவ ஞாபகத்தை வாங்கி நான் போட்டுக்க முடியுமா?"

ஆனால் அடுத்த வியாழக்கிழமை மேஜையில் ஒரே ஒரு ஜாடிதான் இருந்தது.

நாங்கள் வந்தோம், உட்கார்ந்தோம், குடித்தோம். நன்றாக இருந்தது. வழக்கத்தைவிடக் கசப்பு கூர்மை, வாசனை அதிகம். ஒரெஸ்தே இரண்டாவது குவளையை முடித்துவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினான். கண்கள் பாதி மூடியிருந்தன. "நீவெஸ், இன்னைக்கு என்ன இவ்வளவு கனமாக் கலக்கியிருக்க? எனக்கு லேசாத் தலை சுத்துது. நான் பஸ்ல போகமாட்டேன், நீதான் கொண்டுபோய் விடணும்."

"ஒரெஸ்தே, அதுல சாராயமே இல்ல."

"எதுல?"

"நீ குடிச்சதுல. தோலும் சக்கரையும் சோடாவும்தான்."

ஒரெஸ்தே குவளையைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "தலை சுத்துதாம்டா!" ஒரெஸ்தேவும் கடைசியில் சிரித்தான். "எனக்கு ரத்த அழுத்தம் இருக்குடா, அதனால சுத்தும்" என்று சமாளித்தான். சாந்தேயும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நீவெஸ் மீதியையும் சொல்லிவிட்டாள். இன்று மட்டும் அல்ல, இருபத்திமூன்று வருடம். கடற்கரை, ஜில்டோ, வினிகர்ப் புட்டி. கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் நிறுத்தம் அறிவிக்கிற குரலில், வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் சொன்னாள்.

ஒரெஸ்தே, "அடிப்பாவி, அப்ப அந்த அரளிச் செடி!" என்றான். நான் அவளுடைய கையைத் தட்டினேன். உண்மையில் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அவள் எதைக் குடித்தால் எனக்கென்ன?

சாந்தே மட்டும் குவளையை நகர்த்திவைத்தான். முகம் வெளுத்திருந்தது.

"எல்டா செத்த வாரம்?" என்றான்.

எல்டா அவன் மனைவி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் புற்றுநோயில் போனாள். அடக்கம் முடிந்த மறுநாள் ஜில்டோ கடையில் சாந்தே மதியத்திலிருந்து குடித்தான். நானும் ஒரெஸ்தேயும் கூடவே குடித்தோம். அவனோடு சேர்ந்து குடிப்பதுதான் செய்யத் தெரிந்த உதவி என்று நினைத்தோம். நாங்கள் எப்போது வீட்டுக்குப் போனோம் என்பதே எனக்கு நினைவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீவெஸ்.

"அன்னைக்கும் தெளிவாத்தான் இருந்தேன்" என்றாள் நீவெஸ்.

"நான் அழுதேன். என்னென்னவோ உளறினேன். கூட இருக்கிறவளும் குடிச்சிருக்கா, காலையில அவளுக்கும் ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சுத்தான் உளறினேன். நீ சும்மா உக்காந்து பாத்துக்கிட்டிருந்திருக்க."

"சாந்தே, நான்..."

"குடிக்காதது தப்பில்ல. யார் உன்னைக் குடிக்கச் சொன்னா? ஆனா நான் துணியில்லாம நின்னேன், நீ கோட்டு போட்டுக்கிட்டு நின்ன. அதைச் சொல்லியிருக்கணும்."

எழுந்து போய்விட்டான். மாடிப்படியில் அவன் காலடிச் சத்தம் கீழ்வரை கேட்டது. நீவெஸ் ஜாடியைக் கழுவப் போனாள்.

ஏழு வாரம் சாந்தே அவளோடு பேசவில்லை. ஷிப்டை மாற்றிக்கொண்டு விடியற்காலை வண்டிக்குப் போனான். நான் ஒருநாள் அவன் பஸ்ஸுக்குப் பிரேக் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றான். "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டான். "நீ சொன்னது நியாயம்" என்றேன். "அவ செஞ்சதும் நியாயம்தான். ரெண்டு நியாயத்தையும் வெச்சு நான் என்ன பண்ணட்டும்? அந்த ஸ்பேனரை எடு." எடுத்துக் கொடுத்தான். பிறகும் போகாமல் நின்றான்.

"துல்லியோ, அன்னைக்கு நான் என்ன பேசினேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"எனக்கா? நான் எப்படி வீடு போய்ச் சேர்ந்தேன்னே ஞாபகம் இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டு போனான். அவன் ஏன் அதைக் கேட்டான் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் நீவெஸ் வீட்டில் இருந்தேன். வீட்டிலேயே சோடா போடுகிற இயந்திரம் ஒன்று வாங்கியிருந்தாள். அதில் வாயு கசிந்தது. வாஷரை மாற்ற வந்தேன். அவள் ஜன்னலருகே உட்கார்ந்து பம்பளிமாஸ் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். வெளியே காயல் முழுக்க மூடுபனி, எதிர்க் கரை தெரியவில்லை. மணி அடித்தது. சாந்தே நின்றுகொண்டிருந்தான். ஏதோ அலுவலகத்துக்கு வந்தவன் போலத் தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

என்னைப் பார்த்துத் தயங்கினான். நான் எழுந்தேன். "நீ இரு. உன் வேலையைப் பாரு" என்றான்.

நீவெஸ் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "உக்காரு."

உட்கார்ந்தான். அவள் அடுத்த பழத்தை எடுத்தாள்.

"அன்னைக்குத் தெளிவா இருந்தேன்னு சொன்னியே, எல்லாம் ஞாபகம் இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"எல்டா கடைசியா ஒண்ணு சொன்னா. ஆஸ்பத்திரியில, அவ போன அன்னைக்குச் சாயங்காலம். நான் வெளிய வந்தப்போ அது மனசுல இருந்துச்சு. குடிச்ச அன்னைக்கு யார்கிட்டயோ சொன்னேன், அதுவும் தெரியும். பெறகு ஒரு மாசம் குடிச்சேனே, அதுல அது போயிருச்சு. அவ உதடு அசையறது தெரியுது. சொன்னது வரமாட்டேங்குது. ஒம்பது வருஷமாத் தேடறேன், நீவெஸ். யாருக்குமே தெரியாது, நாம எல்லாரும் போதையில இருந்தோம்னு நெனச்சு விட்டுட்டேன்." அவன் தொப்பியைத் திருப்பினான். "அன்னைக்கு உம்மேல கோவப்பட்டு வீட்டுக்குப் போனேன். படுக்கையில படுத்தப்பதான் ஒறைச்சுது. அதுக்கப்புறமும் ஏழு வாரம் வர முடியல."

"எங்கிட்டதான் சொன்ன" என்றாள் நீவெஸ். "அதை மட்டும் சொல்லட்டுமா, எல்லாத்தையும் சொல்லட்டுமா?"

"எல்லாத்தையும் சொல்லு."

அவள் கத்தியை வைத்துவிட்டு விரல்களைத் துடைத்துக்கொண்டாள். அவன் எத்தனை மணிக்கு வந்தான், எந்த நாற்காலியில் உட்கார்ந்தான் என்பதிலிருந்து தொடங்கினாள். தம்பியை அவன் திட்டியது. பூவுக்கு ஆர்டர் கொடுத்த மச்சினியைத் திட்டியது. எல்டாவின் சீப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எடுத்து எடுத்துக் காட்டியது. "பெறகு, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்ட. நாலு தடவை."

சாந்தே காதுவரை சிவந்தான். "நீ என்ன சொன்ன?"

"முதல்ல ஏதாவது சாப்பிடுன்னு சொன்னேன்."

நான் வாஷரைக் கீழே போட்டுவிட்டுத் தேடுவது போல மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

"அதுக்கப்புறம் நான் உன்னை வண்டியில ஏத்தினேன். பாலத்துக்கிட்ட வந்தப்போ நிறுத்தச் சொன்ன. அங்கதான் சொன்ன." நீவெஸ் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "எல்டா சொன்னாளாம்: 'போறப்போ முதல் பஸ்ல ஏறாத. அது கூட்டமா இருக்கும், நீ நின்னுக்கிட்டே போவ. ரெண்டாவது பஸ்ல போ. உக்கார எடம் கெடைக்கும்.' அதுக்கு நீ, பஸ் ஓட்டறவனுக்கா உக்கார எடம் இல்லாமப் போகும்னு சிரிச்சியாம். அவளும் சிரிச்சாளாம். வெளிய வந்து முதல் பஸ்ஸை விட்டுட்டு ரெண்டாவதுல ஏறியிருக்க. உக்கார எடம் இருந்துச்சுன்னு சொன்ன. 'எடம் இருந்துச்சு நீவெஸ், எடம் இருந்துச்சு'ன்னு வீடு வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்த. வீட்டுக்குள்ள போனதும் ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சாம்."

சாந்தே தொப்பியை மேஜையில் வைத்தான். பிறகு, "ரெண்டாவது பஸ்" என்றான். "ஆமா. ஆமா, ரெண்டாவது பஸ்." அவன் அழுதான், ஆனால் அது பெரிய அழுகை அல்ல. மூக்கைத் துடைத்துக்கொண்டே, "பின்வரிசை, ஜன்னலோரம்" என்றான். "அது எனக்கு இப்பதான் வருது. நீ சொல்லல, எனக்கே வருது."

நீவெஸ் எழுந்து மூன்று குவளை எடுத்தாள். இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டேனா என்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பாகு இரண்டு விரல், ஐஸ், சோடா. காலைப் பதினொரு மணிக்கு மூன்று பேரும் அதைக் குடித்தோம். சாந்தே பாதி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இவ்வளவு கசப்பா? இதையா இருபத்திமூணு வருஷம் குடிச்ச?"

"ஜில்டோ இன்னும் கொஞ்சம் இனிப்பாப் போடுவான். இது என் அளவு."

"உன்மேல கோவம் இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றான் சாந்தே.

"இருக்கட்டும்" என்றாள் நீவெஸ்.

அடுத்த வியாழக்கிழமை அவன் வந்தான். கையில் ஒரு புட்டி வெள்ளை ஒயின். கொஞ்சம் சங்கடப்பட்டு மேஜையில் வைத்து, "எனக்கு இதுதான் பிடிக்கும், தப்பா நினைக்காத" என்றான். "நான் ஏன் நினைக்கப்போறேன்" என்று அவளே அவனுக்கு ஒயின் குவளை எடுத்துக் கொடுத்தாள். ஒரெஸ்தே இரண்டிலும் கொஞ்சம் கேட்டான், இரண்டையும் ஒன்றாகக் கலந்து குடித்துவிட்டு இதுதான் சரியான அளவு என்று அறிவித்தான். நான் அன்று நீவெஸ் கலக்கியதைத்தான் குடித்தேன். மறுநாள் காலை எனக்கு இரண்டு பஸ்ஸுக்கு கியர்பெட்டி இறக்க வேண்டியிருந்தது.

பேச்சு ஈஸ்டர் வாரத்து ஷிப்டுக்குப் போயிற்று. திங்கட்கிழமை யார் ஓட்டுவது என்று நீவெஸும் சாந்தேயும் சண்டை போட்டார்கள். நோயேமி வருகிறாள், தனக்கு விடுமுறை வேண்டும் என்றாள் அவள். போன வருடமும் இதையேதான் சொன்னாய் என்றான் அவன். மத்தித் தட்டு காலியாகும்வரை அது முடியவில்லை.